மஞ்சள் நூல் கட்டிய போன்

இன்று மதியம் என் மேசை இழுப்பறைக்குள் ஒரு போன் அடித்தது. சாவி போட்டுத் திறந்தேன். மஞ்சள் வாசனை குப்பென்று வந்தது. போனைச் சுற்றிக் கட்டியிருக்கும் நூலின் வாசனை. திரையில் பெயரில்லாத ஒரு எண். அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எடுக்கவில்லை. திருச்சி தில்லை நகரில், பட்டப்பகலில், இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் ஆபீஸில் ஒரு போன் மணிக்கு இப்படி வெலவெலத்துப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அது உன் அம்மாவின் போன். அது என்னிடம் ஏன் இருக்கிறது, அடித்தும் ஏன் எடுக்காமல் விட்டேன் என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் சொன்னால் வேலையை விட்டுவிடு என்பார்கள். ஆபீஸில் சொன்னால் இரண்டு நாள் லீவு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். நீ இருந்தால் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு, "மொதல்ல இருந்து சொல்லுடி" என்பாய். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். பாதிக் கதை உனக்குத் தெரிந்ததுதான். மீதிப் பாதி நீ போன பிறகு நடந்தது.

நம் வேலையை ஊருக்கு விளக்குவது உனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வரும்போது டிரைவர் என்ன வேலைம்மா என்று கேட்டால் போதும். "கம்ப்யூட்டருக்குள்ள திருட்டுத்தனமா நுழையற ப்ரோக்ராம் இருக்குங்க, மால்வேர்னு சொல்லுவாங்க. அதைப் பிடிச்சு வச்சு, அது என்ன பண்ணுது, யாருக்கு சேதி அனுப்புதுன்னு பாக்கறதுதாங்க எங்க வேலை" என்பாய். ஒருவர், "அப்ப நீங்க போலீஸா?" என்று கேட்டார். "இல்லீங்க. போலீஸுக்குப் பயப்படாதவனைப் பார்த்துப் பயப்படறவங்க" என்றாய். அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்வது போலச் சொன்னாலும் அதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும்.

நம் இருவரில் யார் பெரிய பயந்தாங்கொள்ளி என்று கல்லூரி நாளிலிருந்தே போட்டி. அடுத்தவர் பென் டிரைவை உன் லேப்டாப்பில் செருகவிடாமல் நீ செய்த ரகளையில் ஹாஸ்டலே உன்மேல் கடுப்பில் இருந்தது. வேலைக்கு வந்த பிறகு அந்தப் பயத்தையே நீ ஒரு ஒழுங்குமுறையாக மாற்றிக்கொண்டாய். பிடித்துவந்த மால்வேரைத் திறந்து பார்ப்பதற்கென்று ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறை. அங்கே எதனோடும் இணைக்காத ஒரு தனிக் கம்ப்யூட்டர். உள்ளே போவதற்குமுன் போன்களை வெளியே உள்ள டப்பாவில் போட்டுவிட வேண்டும். தனியாக யாரும் எதையும் ஓடவிடக் கூடாது, எப்போதும் இரண்டு நாற்காலி. "பயம் விட்டுப்போச்சுன்னா அன்னிக்கே லீவு சொல்லிடு" என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்வாய். அவர்கள் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அந்த மருத்துவமனைக்குப் போன காலை நினைவிருக்கிறதா? உள்ளே நுழைந்ததும் எல்லாத் திரைகளிலும் ஒரே கறுப்பு, அதில் ஒரே வெள்ளை எழுத்து. கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் எங்களோடு பேசு என்ற மிரட்டல். நர்ஸுகள் துண்டுத்தாளில் எழுதி எழுதி மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ரத்தப் பரிசோதனை அறைக்கு வெளியே ஒருவர் கைக்குழந்தையோடு நின்றார். பச்சைமலையிலிருந்து கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்தவர். நம் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் எப்பங்க சரியாவும்? பழைய ரிசல்ட்டு அதுக்குள்ளதான் இருக்காம். அதைப் பாத்தாத்தான் மருந்து ஏத்த முடியும்னு டாக்டரம்மா சொல்றாங்க" என்றார். நீ அந்தக் குழந்தையைப் பார்த்தாய். அதன் உதடு காய்ந்து கிடந்தது. "பாத்துட்டு இருக்கோங்க" என்று சொன்னபோது உன் குரல் உள்ளே போய்விட்டது.

அந்தக் குழந்தைக்கு வேறு இடத்தில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து மருந்து ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டது. ஆனால் அது தெரியும்வரை நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவர்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்று தேடித் தேடி, கடைசியில் ரெக்கார்டு ரூமில் கண்டுபிடித்தாய். கூரைவரை ஃபைல் கட்டுகள். நடுவில் தூசி படிந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். ஸ்கேன் மெஷினைப் பழுதுபார்ப்பவர்கள் வெளியூரிலிருந்தே உள்ளே நுழைந்து வேலை பார்ப்பதற்காக எப்போதோ வைத்தது. அது ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். "இந்த வாசல் வழியாத்தான் வந்திருக்கான். போகும்போது உள்தாழ்ப்பாளையும் கழட்டிட்டுப் போயிருக்கான்" என்று சொல்லி, அதன் நெட்வொர்க் கேபிளை நீயே பிடுங்கினாய். பிறகு கைப்பையிலிருந்து மஞ்சள் நூல்கண்டை எடுத்து, கேபிளின் முனையை மடக்கி அதன்மேல் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாய்.

உன்னுடைய அந்தப் பழக்கத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். பாலக்கரையில் மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தெரியும்? நீ கோபப்படாமல் விளக்கினாய். "ஸ்டிக்கர் ஒட்டினா கிழிச்சுப் போட்டுட்டு மாட்டிடுவாங்கடி. பிளாஸ்டிக் டேக் போட்டா வெட்டிடுவாங்க. மஞ்சள் நூலை நம்ம ஊர்ல எவன் தொடுவான்? எங்க ஊர்ல காப்பு கட்டினா கட்டினவங்கதான் அவிழ்க்கணும். அதேதான் இதுவும்." மண்ணச்சநல்லூரில் பிறந்து, திருவிழா தவறாமல் சமயபுரத்துக்கு நடந்தவள் நீ. இதைச் சாமி காரியமாகச் செய்தாயா, ஆட்களின் மனசு தெரிந்து செய்தாயா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியராஜ் பக்கத்தில் நின்றிருந்தார். அவரிடமும் அதையே சொன்னாய். "இந்த மெஷினை அழிச்சிடாதீங்க ஆரோக்கியம். அவன் கால்தடம் இதுலதான் இருக்கு. ஆனா கேபிளை மட்டும் யார் சொன்னாலும் மாட்டாதீங்க. கட்டின கைதான் அவிழ்க்கணும்." அவர் தலையாட்டினார்.

அங்கிருந்து எடுத்துவந்த மால்வேரை நம் தனிக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டபோது அது அசையவே இல்லை. அந்த ரகம் ரொம்பச் சூட்டிகை. தன்னை யாரோ ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் செத்த மாதிரி கிடக்கும். மவுஸ் நகர்கிறதா, பழைய ஃபைல்கள் இருக்கின்றனவா, மனிதர் புழங்கிய இடம்தானா என்று மோப்பம் பிடித்துப் பார்க்கும். அதை ஏமாற்ற நீ ஒரு முழு மனுஷியையே உண்டாக்கினாய். பெயர் சிவகாமி, அரிசி ஆலையில் கணக்குப் பார்ப்பவள். உன் அம்மா முன்பு பார்த்த வேலை அது. லாரிக்காரரோடு எப்படிப் பேசுவது, தவிட்டுக்கு எப்படி பில் போடுவது என்று அம்மாவையே கேட்டுக் கேட்டு ஃபைல்களை நிரப்பினாய். திரையில் சமயபுரத்தாள் படம், பாதியில் நிற்கும் தம்பி கல்யாணப் பத்திரிகை, மூட்டைகளின்மேல் தூங்கும் பூனையின் போட்டோ. "சிவகாமிக்குக் காபி வேணுமாம்" என்று சொல்லி எழுந்து போவாய். ஆபீஸே சிவகாமியை நம்ப ஆரம்பித்துவிட்டது.

மால்வேரும் நம்பியது. இந்த முறை வெளியே போகும் இணைப்பு ஒன்றை, நம் கண்காணிப்பில், அதற்கென்றே திறந்து வைத்திருந்தோம். நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். மவுஸை யாரும் தொடவில்லை. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு வந்ததும் நின்றது. பிறகு வரி வரியாக, மெதுவாக, எழுத்துகளின் அடியில் ஊர்ந்துபோனது. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் நகம் பதிந்தது இன்னும் நினைவிருக்கிறது.

"படிக்கறான்டி" என்று கிசுகிசுத்தாய். "இவனுக்குத் தமிழ் தெரியும்."

அதுவரை அவர்கள் எங்கோ கடல் தாண்டி, முகமில்லாமல் இருந்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அதில் ஒருவன் நம் பாஷையில் யோசிக்கிறவன் ஆகிவிட்டான். ஒருவேளை நாம் ஏறும் பஸ்ஸில் நிற்கிறவனாகக்கூட இருக்கலாம்.

அதன் பிறகு மருத்துவமனை ஊழியர்களுக்கு நீ ஒரு வகுப்பு எடுத்தாய். எந்த மெயிலைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது, யாராவது அவசரப்படுத்தினால் என்ன செய்வது என்றெல்லாம். இரவுப்பணி நர்ஸுகளால் வர முடியாது என்பதற்காக, அதையே நம் ஆபீஸில் உட்கார்ந்து, ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, தெளிவான குரலில் வீடியோவாகப் பதிவுசெய்து எல்லோருக்கும் அனுப்பினாய். நடுவில் இரண்டொரு முறை உனக்கு மூச்சு வாங்கியது. ஃபேன் இல்லாத புழுக்கம் என்று நினைத்தோம். அடுத்து வந்ததெல்லாம் ஸ்கேன், பயாப்ஸி, நுரையீரல் என்ற சொல். நீ லீவில் போனாய். உன் வேலைகளை நான் பார்த்துக்கொண்டேன். நீ திரும்பி வரவில்லை. வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, லீவு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி உனக்குத் தெரியாத பாதி.

போன மாதம் ஒரு காலையில் ஆரோக்கியராஜ் கூப்பிட்டார். சாதாரணமான குரல்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். அந்த ரெக்கார்டு ரூம் கேபிள் இருக்குல்லங்க, அந்த முடிச்சு அவிழவே மாட்டேங்குது. கத்திரிக்கோலால வெட்டிடலாங்களா?"

"எதுக்கு வெட்டணும்? அதை யாரு மாட்டச் சொன்னது?"

"உங்க ஃப்ரெண்டு மேடம்தாங்க. இப்பதான் போன் பண்ணாங்க. லீவுல இருக்கேன், நேர்ல வர முடியல, ஒரு டெஸ்ட் பண்ணணும், அந்தக் கேபிளைக் கொஞ்ச நேரம் மாட்டி வைங்க ஆரோக்கியம்னாங்க. நான் மாதா கோயிலுக்குப் போறவன்தாங்க, இருந்தாலும் மஞ்சள் நூலை எப்படி வெட்டறது? கட்டின கைதான் அவிழ்க்கணும்னு அவங்களே சொல்லியிருக்காங்க வேற. அதான் உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

எனக்கே என் குரல் அந்நியமாகக் கேட்டது.

"ஆரோக்கியராஜ், கையை எடுங்க. எதையும் தொடாதீங்க. ரூமைப் பூட்டிட்டு வெளிய வாங்க."

"என்னாச்சுங்க மேடம்?"

"அவ இறந்துபோயிட்டா. மழைக்கு முன்னாடியே."

அந்தப் பக்கம் பூட்டு மாட்டும் ஓசை கேட்டது. பிறகு, ரொம்பத் தணிந்த குரலில், "மாதாவே… அப்ப நான் யார்கிட்டங்க பேசினேன்?" என்றார்.

அந்த வாசல் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி கறுப்புத் திரைகள், மறுபடி அந்த மாடிப்படி ஓட்டம், ரத்தப் பரிசோதனை அறைக்கு வெளியே வேறொரு குழந்தை. அதைத் தடுத்தது நம் படிப்பும் இல்லை, நாம் போட்டுக்கொடுத்த பாதுகாப்பும் இல்லை. நீ இறுக்கிப்போட்ட ஒரு முடிச்சு அவருடைய விரலுக்கு அவிழவில்லை, வெட்ட அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதி வருவதற்குப் பதில் பயம்தான் கூடுகிறது.

ஆரோக்கியராஜின் போனில் அழைப்புகள் தானாகவே பதிவாகும். அந்தப் பதிவு எனக்கு வந்தது. பிடித்துவந்த மால்வேரை எப்படிப் பார்ப்போமோ அப்படியே இதையும் பார்ப்பது என்று நம் தலைமை அதிகாரி ரவி சார் சொன்னார். முதலில் திறக்காமல் வெளியிலிருந்து: எந்த எண், எந்த வழியாக வந்தது, எங்கே போய் மறைந்தது. அதிலெல்லாம் வழக்கம் போல ஒரு சுவரில் போய் முட்டினோம். அடுத்தது, திறந்து கேட்பது. சின்ன அறைக்குள் போனேன். விதிப்படி பக்கத்து நாற்காலியில் ரவி சார் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினேன்.

"ஆரோக்கியம், நான்தான். இது புது நம்பர்."

நீதான். அந்த "நான்தான்" என்பதில் வரும் லேசான இழுப்பு, சொல் முடியும் இடத்தில் சிரிப்பது போன்ற அந்தத் தொனி. ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரவி சார், "வேணாம்னா நான் கேக்கறேன் ஸ்டெல்லா" என்றார். மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டேன்.

யாரோ ஒருவன் பேச, அவன் பேசப் பேச அதை உன் குரலாக்கித் தருகிறது ஒரு ப்ரோக்ராம். அதற்கு உன் குரல் கொஞ்சம் கிடைத்தால் போதும், அதுவும் இரைச்சல் இல்லாமல் கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம். எங்கிருந்து கிடைத்தது என்று தேடினோம். ஒரு நர்ஸின் மெயில் கடவுச்சொல் இன்னும் அவர்கள் கையில் இருந்திருக்கிறது. அந்த மெயிலில் உன் வகுப்பு வீடியோ. எதற்கும் ஆரோக்கியத்திடம் கேளுங்கள் என்று நீ எழுதியதும், நீ லீவில் இருப்பதாக நான் எழுதியதும் அதிலேயே. ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, யாரையும் நம்பாதீர்கள் என்று நீ சொல்லிக்கொடுத்த அந்தக் குரலைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

அந்த வீடியோவையும் அழைப்புப் பதிவையும் துண்டு துண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். அப்போதுதான் அது பிடிபட்டது. மூச்சு வாங்கல். வீடியோவில் நீ இரண்டொரு இடத்தில், நீளமான வாக்கியத்தின் முடிவில்தான் மூச்சுக்குத் திணறினாய். இந்தக் குரலோ சின்னச் சொற்களுக்கு நடுவிலும், தேவையே இல்லாத இடத்திலும், அதே திணறலைத் திரும்பத் திரும்பப் போட்டது. அது உன் பேச்சின் குணம் என்று அந்த ப்ரோக்ராம் கற்றுக்கொண்டிருக்கிறது. போலிக் குரல் என்பதற்கு ஆதாரமாக அதைத்தான் அறிக்கையில் எழுதினேன். உன் குரலோடு சேர்த்து உன் நோயையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று எழுத அறிக்கையில் இடமில்லை.

இன்னொன்றையும் எழுதவில்லை. வேலை முடிந்த பிறகு, எல்லாம் தெரிந்த பிறகு, அந்தப் பதிவை இன்னொரு முறை கேட்டேன். ஆராய்ச்சிக்காக இல்லை. அவர்கள் மேல் வந்த பயத்தைவிட என் மேல் எனக்கு அன்று வந்த பயம் பெரியது.

உன் வகுப்பு வீடியோவைக் கடைசிவரை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். முடியும் இடத்தில், எப்போதும் போல அக்கறையாகச் சொல்கிறாய்: "எதுலயாவது சந்தேகம் வந்தா எப்ப வேணா கூப்பிடுங்க. என் போன் எடுக்கலேன்னா எங்கம்மா நம்பருக்குப் போடுங்க, எழுப்பி விட்டுடுவாங்க." அதோடு அம்மாவின் எண்ணையும், ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாகச் சொல்லியிருக்கிறாய். உன் குரலை எடுத்தவர்களிடம் அதுவும் இருக்கிறது.

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சத்திரத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. தொற்றி ஏறினேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெரிசலில் நின்றுவிட்டன. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை நகராமல் அப்படியே நின்றது. அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிடலாமே என்று தோன்றியது. போனை எடுத்து எண்ணை அழுத்தப் போனவள் நிறுத்தினேன். என் குரலை மட்டும் அம்மா எப்படி நம்ப முடியும்? நேரில்தான் போக வேண்டும். இனி எதையும் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டுமோ என்று நினைத்தபோது அந்தக் கூட்டத்திலும் எனக்குக் குளிரெடுத்தது.

ஸ்ரீரங்கத்தில் உங்கள் அபார்ட்மென்ட் படியில் ஏறும்போதே உள்ளிருந்து உன் குரல் கேட்டது.

"அம்மா, பஸ் ஏறிட்டேன். சாதம் மட்டும் வை, நான் வந்து குழம்பு வச்சுக்கறேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, நீ எப்போதோ அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்து, "என்ன ஸ்டெல்லா, வெயில்ல ஓடி வந்தியா? உக்காரு, தண்ணி கொண்டாரேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தண்ணீர் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவிடம் மறைத்துப் பேச முடியாது என்று உனக்குத் தெரியும். சிவகாமியை உண்டாக்கியதில் பாதி அவர்தானே. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்தவங்களேதானா?"

"ஆமாம்மா. உங்களுக்கும் போன் வரலாம். அவ குரல்லயே பேசும். நம்பிடாதீங்க."

அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நான் பேசினா அது பதில் சொல்லுமா?"

"பேசறது அவ இல்லம்மா. எவனோ ஒருத்தன்."

"அது புரியுது. நான் கேட்டது, பதில் சொல்லுமான்னு."

"சொல்லும்மா."

தெருவில் பூக்காரர் கத்திக்கொண்டு போனார். அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "இது பழசையே சொல்லிட்டிருக்கு, ஸ்டெல்லா. நான் என்ன கேட்டாலும் பஸ் ஏறிட்டேன்னுதான் சொல்லுது" என்றார். போனை என் மடியில் வைத்தார். "இதை நீ எடுத்துட்டுப் போயிடு."

"எதுக்கும்மா? தெரியாத நம்பர் வந்தா எடுக்காம இருந்தா போதும்."

"எடுத்துருவேன்மா. பொய்னு தெரிஞ்சேதான் எடுப்பேன். என்ன கேட்டாலும் குடுத்துருவேன், எங்க கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டுருவேன். இன்னும் ரெண்டு வார்த்தை பேசுன்னு கெஞ்சுவேன். எடுத்துட்டுப் போயிடு."

நான் பயந்து வந்ததெல்லாம் அம்மா ஏமாந்துவிடுவாரோ என்றுதான். ஏமாறாமலே ஒருவர் கதவைத் திறந்துவிட முடியும் என்பதற்கு என்னிடம் எந்த மருந்தும் இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு புது போனும் புது எண்ணும் வாங்கினோம். உன் பழைய மெசேஜ்களை ஒன்று விடாமல் அதில் ஏற்றிக் கொடுத்தேன். பழைய போனைப் பைக்குள் வைக்கும் முன் உன் நூல்கண்டை எடுத்தேன். உன் மேசையைக் காலிசெய்தபோது எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். திரையின் குறுக்கே இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "அவ கட்டற மாதிரியே கட்டற" என்றார்.

அந்தப் போனை ஆபீஸில் நாங்கள் அணைத்து வைக்கவில்லை. ரவி சார் சொன்னது நியாயம்தான். அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால், அம்மாவைப் போல நான் எடுத்துப் பேச வேண்டும். அவர்கள் என்ன கேட்கிறார்கள், அடுத்து எங்கே போகப்போகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே வரவைக்க வேண்டும். இன்னொரு ஊரில் இன்னொரு மருத்துவமனை இருக்கிறது, அங்கே மஞ்சள் நூல் எதுவும் கட்டியிருக்காது. பதிவுசெய்யும் கருவி தயார், பக்கத்து நாற்காலி தயார். சிவகாமியை நீ உண்டாக்கியது போல உன் அம்மாவாக நான் மாற வேண்டும். எனக்கு அவருடைய பேச்சு அத்துப்படி. வேலை என்று பார்த்தால் இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

ஆனால் இன்று மதியம் அது அடித்தபோது நான் மரம் போல நின்றேன். ரவி சார் வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல, மறுபடி அடிப்பாங்க. உங்களால முடியலேன்னா வேற யாரையாவது பேசச் சொல்றேன்" என்றார்.

"வேணாம் சார். கட்டினது நான். நானே அவிழ்க்கறேன்" என்றேன்.

பயம் விட்டுப்போனால் லீவு சொல்லச் சொன்னாய். எனக்கு அது விடவே இல்லை. நீ போன பிறகு உன் பங்கையும் சேர்த்து நானே பயந்துகொண்டிருக்கிறேன். இந்த மடலில் உன் பெயரை எங்கும் எழுதாமல் விட்டதுகூட அதனால்தான். உன்னிடமிருந்து எடுத்தது போதும், பெயரும் அவர்கள் கைக்குப் போக வேண்டாம் என்று தோன்றியது.

நாளைக்கோ மறுநாளோ அது மறுபடி அடிக்கும். முடிச்சை அவிழ்ப்பேன், எடுப்பேன், அம்மாவின் குரலில் "ஹலோ" என்பேன். அதுவரை சரியாகச் செய்துவிடுவேன். அவன் என்ன மிரட்டுவான், என்ன கேட்பான் என்பதெல்லாம் என் பயம் இல்லை. இந்தப் பக்கம் இருப்பது நான்தான் என்று அவன் எப்படியோ தெரிந்துவைத்திருந்து, அந்தக் குரலில் "ஸ்டெல்லா" என்று கூப்பிட்டுவிட்டால், இவ்வளவும் தெரிந்த நான் "சொல்லுடி" என்று சொல்லிவிடுவேன்.